அயோடினைத் தெளிய வைத்த மாத்திரை

தொண்ணூறுகளின் கடைசியில் கடலோரத்து அணு ஆராய்ச்சிக் குடியிருப்பில் இருந்தோம். நான் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். என் மேலதிகாரி கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர். எந்த அளவீட்டைக் கொண்டுபோனாலும், "பிளாங்க் எங்கேம்மா?" என்பார். சோதிக்கும் பொருளை மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் அப்படியே செய்து பார்ப்பதற்குத்தான் பிளாங்க் என்று பெயர். அது இல்லாத தாளைப் படிக்காமலே திருப்பி எறிவார்.

அதே மனிதர் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை விற்கத் தொடங்கினார். மாமல்லபுரத்து ரிசார்ட் ஒன்றில் அந்த மாத்திரைக் கம்பெனி நடத்திய கூட்டத்துக்குப் போய், பஃபே சாப்பிட்டுவிட்டு, கழுத்தில் டையோடு திரும்பி வந்தார். அடுத்த ஞாயிறே குடியிருப்பில் இருந்தவர்களை எங்கள் ஹாலில் கூட்டிக் கடை விரித்தார். தண்ணீர் டம்ளரில் அயோடின் சொட்டு விட்டதும் பழுப்பானது. "இதுதான் உங்க உடம்பு. ரேடியேஷன் பக்கத்துல வேலை பாக்கறோம், சும்மாவா?" என்று மாத்திரையைப் பொடித்துப் போட்டுக் கலக்கினார். தண்ணீர் தெளிந்தது. முனைவர் பட்டம் வாங்கிய கூட்டம் வாயைப் பிளந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சமையலறையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து, இன்னொரு டம்ளர் தண்ணீரில் அயோடின் விட்டுப் பழுப்பாக்கி, அதில் பிழிந்தேன். அதுவும் தெளிந்தது.

"டம்ளர்ல நடக்கறது ரத்தத்துல நடக்குமா சார்? சாப்பிட்டவங்களையும் சாப்பிடாதவங்களையும் வெச்சு யாராவது பாத்தாங்களா? பிளாங்க் எங்கே?"

அவர் அசரவில்லை. "பாருங்க, ஒரு எலுமிச்சையே இப்படின்னா, இதுல ஒரு கூடை எலுமிச்சை அடங்கியிருக்கு!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். முதலில் தட்டியவர் என் கணவர்.

அவருக்கு ரத்த அழுத்தம். பொறியாளர், ஒரு மீட்டர் காட்டும் எண்ணை இன்னொரு மீட்டரில் சரிபார்க்காமல் நம்பாத ஆள். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதை விழுங்க ஆரம்பித்தார். அழுத்தம் குறைந்தால் மாத்திரையின் மகிமை. ஏறினால், "உள்ளே இருக்கற நச்சு வெளியேறுது." தோற்கவே வழியில்லாத ஒன்றை நிரூபணம் என்று நம்புவதற்கு எத்தனை படிப்பு வேண்டியிருக்கிறது! நான் டாக்டர் மாத்திரையைத் தட்டின் ஓரத்தில் வைப்பேன். அது அப்படியே கிடக்கும். கெஞ்சினேன், கத்தினேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். எனக்கு ஆத்திரத்தைவிடப் பயம்தான் அதிகம். "உனக்கு எதுலயும் நம்பிக்கை இல்ல" என்றார் அவர்.

ஒரு நாள் காலை வாசலில் நின்று மீன்காரம்மாவிடம் சங்கரா விலை கேட்டுக்கொண்டிருந்தவருக்குப் பேச்சு குழறியது.

"யம்மா, ஓடியா! சாருக்கு வாய் ஒரு பக்கமா இழுத்துகினு கீது!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஓடினேன்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். வலது கைக்கு மட்டும் அசைவு திரும்பவில்லை. மேலதிகாரி பார்க்க வந்தார், கையில் புது டப்பாவோடு. கொஞ்சமாவது கூசும் என்று நினைத்திருந்தேன்.

"இதைச் சாப்பிட்டதாலதான் இதோட போச்சும்மா. இல்லேன்னா ஆளே இருந்திருக்க மாட்டார்" என்றார்.

இந்த மாத்திரையைச் சாப்பிடாத இன்னொரு கணவர் எனக்கு இருந்து, அவரும் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தால்தான் அதற்குப் பதில் சொல்லியிருக்க முடியும். டப்பாவைப் பிடுங்கி வெளியே எறிய எழுந்தேன். அதற்குள் என் கணவர் இடது கையை நீட்டி அதை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.