அண்ணியின் பத்து நிமிட நடை

என் அண்ணிக்கு உடம்பெல்லாம் வலி. கழுத்து, தோள், இடுப்பு, முட்டி என்று ஓரிடம் பாக்கியில்லை. ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் பார்த்தாயிற்று, எதிலும் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத வலிக்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று இத்தனை நீளப் பெயரா? எனக்கு அப்போதே நெருடியது.

எங்கள் இருவருக்கும் ஒரே சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே இஸ்திரி போட வேண்டும். அவள் டாக்டர் சீட்டைக் காட்டி, உட்கார்ந்து துணி மடிக்கும் இடத்துக்கு மாறிக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது, இதில் மறைக்க என்ன இருக்கிறது.

அவள் குளிக்கப் போன நேரம் மாத்திரைப் பெட்டியிலிருந்த தாளைப் பிரித்துப் படித்தேன். மனச்சோர்வுக்கான மருந்து! வரட்டும் என்று காத்திருந்தேன்.

"அண்ணி, இது மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கிறதாமே?"

"நானும் டாக்டர்கிட்ட அதைக் கேட்டுத்தான் சண்டை போட்டேன். வலியைப் பெருசாக்கிக் காட்டுற நரம்பை அடக்கவும் இதைக் குடுப்பாங்களாம். மாத்திரை மட்டும் போதாதாம், தினமும் நடக்கணுமாம். அஞ்சு நிமிஷத்துல ஆரம்பிச்சு இப்பத்தான் பத்துக்கு வந்திருக்கேன்."

வலிக்கு நடையா? காதில் பூச்சுற்றுகிறாள் என்றே நினைத்தேன்.

ஒரு மாலை அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே பூங்காவுக்குப் போனேன். கைவீசி நடந்தாள். யாரிடமோ சிரித்தாள் வேறு. இரண்டாவது சுற்றில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வெகுநேரம் நின்றாள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் முதல் சுற்றை மட்டும் சொன்னேன். "நல்லா நடக்கிறாங்க சார். இங்க நிக்கத்தான் முடியலையாம்."

அன்றே அவளை இஸ்திரி மேசைக்கு அனுப்பிவிட்டார். மதியத்துக்குள் அவள் இஸ்திரிப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்க ஆரம்பித்தாள். பக்கத்து மேசையில் நான் தலையே நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "நான் நடக்கிறதை யாரோ பாத்துச் சொல்லிட்டாங்களாம். நாளைக்கு நீ என்கூட வந்து சார்கிட்ட பேசு. ஒரே வீட்டுல இருக்கிற, என் வலி உனக்குத் தெரியாதா?"

நம்பிக் கேட்கிறாளா, ஆழம் பார்க்கிறாளா? வருகிறேன் என்று சொல்லிவைத்தேன்.

காலையில் இருவரும் போய் நின்றோம். நான் வாயைத் திறப்பதற்குள் சூப்பர்வைசர் முந்திக்கொண்டார்.

"என்னம்மா இது, நேத்து நீதானே வந்து சொன்னே?"

அண்ணி அதிரவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னப்பவும் நீ அங்கதானே இருந்தே? அதையும் சொல்லு."