ஒரு வாய் மண்

பக்கவாதத்தில் விழுந்த அப்பாவுக்கு மறுபடி விழுங்கக் கற்றுக்கொடுத்தது நான்தான். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் மூக்குக்குழாய் வழியாகத்தான் கஞ்சி இறங்கியது. வலது பக்கம் செத்துப்போயிற்று, பேச்சும் போயிற்று. பிறகு நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தார். நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். சோற்றைக் கெட்டியாக மசித்துக் கால் ஸ்பூன். தாடையை நெஞ்சோடு இறக்கி விழுங்கச் சொல்ல வேண்டும்.

"தண்ணியா மட்டும் எதுவும் குடுத்துடாதீங்க. நுரையீரலுக்குப் போச்சுன்னா ஆளு தாங்க மாட்டாரு."

நான்கே நாளில் அரைக் கிண்ணம் சாப்பிட்டார். ஸ்பூன் வருவதற்கு முன்பே வாயைத் திறந்துகொண்டு என் கையையே பார்ப்பார். இன்னும் ஒரு வாரம் இப்படிச் சாப்பிட்டால் குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பலாம் என்றார் டாக்டர்.

அதே வாரம்தான் துபாயிலிருந்து அண்ணன் பத்து நாள் லீவில் வந்திருந்தான். காரியம் பார்க்க வந்தவன். மனுஷன் சோறு தின்பதைப் பார்த்ததும் அவன் முகம் தொங்கிப்போயிற்று. லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது சித்தப்பாவிடம் சொன்னான்.

"இப்ப விட்டா அடுத்த லீவு ரெண்டு வருசம் கழிச்சுத்தான் சித்தப்பா. கொள்ளி வைக்கக்கூட வர முடியாது."

மறுநாள் சித்தப்பா கீழ்வேளூரிலிருந்து எங்கள் மடையோரத்து வயல் மண்ணைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தார். அதை டம்ளர் தண்ணீரில் கரைத்தார்.

"மண்ணாசைம்மா. அதான் உசிரு இழுத்துக்கிட்டுக் கெடக்கு. ஒரு வாய் குடுத்தா நிம்மதியாப் போயிடுவாரு. நீ குடுத்தாத்தான் வாய் தொறப்பாரு."

அண்ணன் கம்ப்யூட்டர் படித்தவன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

எனக்கு மண்ணாசையிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நர்ஸம்மா சொன்னதுதான் தெரியும். தெரிந்துதான் டம்ளரை வாங்கினேன். ஒரு மாதமாகப் பிள்ளைகள் முகம் பார்க்கவில்லை. பீ அள்ளி அள்ளிக் கை நாறியது. போய்த் தொலைந்தால் தேவலை என்று எனக்கும் இருந்தது.

அப்பா வாயைத் திறந்தார். ஊற்றினேன். நான் சொல்லிக்கொடுத்தபடியே தாடையை நெஞ்சோடு இறக்கினார். ஒழுங்காக விழுங்கினார். ஒரு இருமல்கூட இல்லை.

பல்லில் மண் நறநறத்தது. தன் அப்பாவுக்கு இதே மண்ணைக் கரைத்து ஊற்றியவர் அவர். எதற்கென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. சித்தப்பாவைப் பார்த்தார், அண்ணனின் முதுகைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். இடது கையால் டம்ளரைத் தள்ளிவிட்டார்.

அண்ணன் குறித்த நாளில் விமானம் ஏறினான். அன்று காலை நான் மசித்த சோற்றோடு உட்கார்ந்தபோது அப்பா உதட்டை இறுக்கிக்கொண்டார். எவ்வளவு கெஞ்சியும் திறக்கவில்லை.

"நல்லாத்தானே சாப்பிட்டுக்கிட்டிருந்தாரு?" என்று நர்ஸம்மா ஸ்பூனை வாங்கி நீட்டினார். உடனே வாயைத் திறந்தார்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் என் வீட்டில்தான் இருந்தார். ஊட்டுவதற்கு ஒரு ஆளை வைத்தேன். சோற்றை நான்தான் மசிப்பேன், அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு. கிண்ணம் என் கையிலிருந்து போவதைப் பார்த்துவிட்டால் அன்றைக்குப் பட்டினி கிடப்பார்.