மருமகள் பிரித்த தையல்

என் மருமகள் தைத்துக் கொடுத்த துணியில் கிழிசல் எங்கே இருந்தது என்று விரல் வைத்துக் காட்டிவிட்டால் கூலி வேண்டாம். அவள் கடையில் அப்படி ஒரு பந்தயம். பதினெட்டு வருடமாக ஒருவரும் ஓசியில் வாங்கிப் போனதில்லை.

கடை என்று சொல்வது மரியாதைக்குத்தான். வணிக வளாகத்து மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கிற ஒரு மூலை. ஒரு மேசை, கழுத்து வளைகிற ஒரு விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு முக்காலி. சிகரெட் சுட்ட கோட்டு, எலி கடித்த கம்பளி, ஆணியில் மாட்டிய சட்டை எல்லாம் அங்கே வரும். கடை நூலை அவள் தொடமாட்டாள். அந்தத் துணியின் உள்மடிப்பிலிருந்தே இழையை உருவி எடுத்து, நெசவு போகிற வழியிலேயே மேலும் கீழுமாகக் கோர்ப்பாள்.

"அதே துணியோட இழைன்னாதான் அத்தை, வெயில்ல காட்டிக் குடுக்காது" என்பாள்.

பேச்சு குறைவு. ஆனால் எதற்கும் சீட்டு வேண்டும் அவளுக்கு. துணி வாங்கினால் சீட்டு, கொடுத்தால் சீட்டு. எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பாள். "என்னையே கல்யாணத்தன்னைக்குச் சீட்டுப் போட்டுத்தான் வாங்கினா" என்று என் மகன் கேலி செய்வான். அவளும் விடமாட்டாள். "ஆமா, திருப்பிக் குடுக்கலாம்னுதான் வச்சிருக்கேன்."

மகன் வேலை பார்த்தது ஒரு பெரிய சரக்குக் கிடங்கில். லிஃப்டில் பெட்டி ஏற்றுவான், இறக்குவான். ஆள் உயரம் என்பதால் அங்கே எல்லாருக்கும் அவன் நெட்டை. அந்த லிஃப்டின் கம்பிக் கதவில் ஒரு இரும்புக் கொண்டி வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கதவு சரியாக மூடாமலே நகர்கிற லிஃப்ட் வேறு. ஆறு மாதமாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பிறகு சூப்பர்வைசர் வந்து கொண்டியில் ஒரு கந்தலைச் சுற்றிவிட்டு, "இப்ப குத்தாதுல்ல?" என்றாராம். கந்தல் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெட்டியைத் தாங்கிப் பின்பக்கமாக இறங்கும்போது, அந்தக் கொண்டி அவன் கால்சட்டையில் மாட்டிக்கொண்டது. மேலே எவனோ பொத்தானை அழுத்திவிட்டான். லிஃப்ட் ஒரு முழம் எழும்பி அவனைக் காலோடு இழுத்தது. துணி கிழிந்து அவனை விட்டபோது, முட்டி சிமெண்ட் விளிம்பில் போய் மோதியது.

அதற்குப் பிறகு நாங்கள் செய்தவைதான் பெரிய விபத்து.

விழுந்தவனைச் சுற்றிப் பத்துப் பேர். சூப்பர்வைசர் முதலுதவி நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "என்ன நெட்டை, எப்படி விழுந்த?"

"கால் தவறிடுச்சு சார். பரவாயில்ல, ஒண்ணுமில்ல."

அப்படியே எழுதினார்கள். கையெழுத்தும் போட்டான் என் மகாராசன். ஏன்டா அப்படிச் சொன்னாய் என்று பிற்பாடு கேட்டேன். "அத்தனை பேர் பார்த்துட்டு நிக்கறாங்க. வலிக்குதுன்னு எப்படிம்மா சொல்றது?" என்றான். இரண்டு நாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்தான். மூன்றாம் நாள் முட்டி பூசணிக்காயாக வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி. எலும்பில் விரிசல், உள்ளே தசைநார் அறுந்திருக்கிறது. ஒரு அறுவைச் சிகிச்சை உடனே செய்தார்கள். இன்னொன்று மூன்று மாதத்துக்குள் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் கால் கட்டை மாதிரி நீட்டியே நின்றுவிடும் என்றார் டாக்டர். அதற்குக் கம்பெனி நஷ்டஈடு கொடுத்தால்தான் உண்டு. எங்களிடம் விற்க அந்த முக்காலிதான் இருந்தது.

கம்பெனி சொன்னது இது: லிஃப்டில் ஒன்றும் ஆகவில்லை, அவசரத்தில் மேடையிலிருந்து குதித்தான், அவனே கால் தவறியது என்று நோட்டில் சொல்லியிருக்கிறான்.

வக்கீலம்மா சின்ன வயசு. எங்களை உட்காரவைத்து முதலில் கேட்டதே, "அன்னைக்குப் போட்டிருந்த துணி எங்க?" என்றுதான்.

மருமகள்தான் சொன்னாள். "குடுத்துட்டோம் மேடம். கம்பெனி உடுப்பு. பதில் ஆளுக்கு வேணும்னு மூணாம் நாளே கேட்டாங்க."

"கிழிஞ்சபடியேதானே குடுத்தீங்க?"

"தொவைச்சு, தைச்சு, இஸ்திரி போட்டுக் குடுத்தேன்."

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார். பிஸ்கட் டப்பாவிலிருந்து மருமகள் எடுத்து நீட்டிய சீட்டைப் படித்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். 'ஒரு சட்டை, ஒரு கால்சட்டை, கிழிசல் ஏதுமின்றிப் பெற்றுக்கொண்டோம்.' தேதியும் முத்திரையும் இருந்தன. அன்றைக்கு அதை வாங்கும்போது கொஞ்சம் பெருமையாகவே சிரித்தாளாம்.

"அவங்களுக்கு நீங்களே சாட்சி எழுதி வாங்கிக் குடுத்திருக்கீங்க" என்றார் வக்கீலம்மா.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாயே, இதையும் அழிக்காமல் எழுது. தைக்கச் சொன்னது நான். கிழிந்த உடுப்பைக் கொடுத்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள், இந்த வீட்டில் தைக்கத் தெரிந்தவள் இருக்கிறாளா இல்லையா என்று கேட்டேன். கால் வலியில் அவன் முனகிக்கொண்டிருக்க, அவள் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்து மூன்று மணி நேரம் உட்கார்ந்து தைத்தாள். வக்கீலம்மா அறையில் அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான்தான் மேடம் யோசிக்காம செஞ்சுட்டேன்" என்றாள். நான் வாய் திறக்கவில்லை.

விசாரணைக்கு முன்னால் ஒரு நல்ல காரியம் நடந்தது. லிஃப்டுக்குப் புதுக் கொண்டி போட்ட வெல்டிங்காரர், பழையதைத் தகரக் குப்பையில் போட்டு வைத்திருந்தார். அதை வக்கீலம்மா தேடிப் பிடித்து வாங்கிக் காகிதத்தில் சுற்றி முத்திரை போட்டு விசாரணை அலுவலகத்தில் ஒப்படைத்தார். மருமகள் அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று வக்கீலம்மாவே சொல்லிவிட்டார்.

விசாரணை நடந்தது ஒரு அலுவலகத்து இரண்டாம் மாடியில். பச்சை விரிப்புப் போட்ட மேசை, கர்ரென்று சத்தம் போடும் மின்விசிறி. மகன் ஊன்றுகோலோடு ஒவ்வொரு படியாக ஏறி வந்து, கால் நீட்ட இடமில்லாமல் பக்கவாட்டில் உட்கார்ந்தான். வெல்டிங்காரர் வந்து, பொட்டலத்தின் மேல் போட்டிருந்த தன் கையெழுத்தைக் காட்டி, உள்ளே இருக்கிற கொண்டி அந்த லிஃப்டில் இருந்ததுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். கம்பெனி வக்கீல் அலட்டிக்கொள்ளவே இல்லை. நல்ல மரியாதையான ஆள். பையிலிருந்து ஒரு கால்சட்டையை எடுத்து மேசையில் விரித்தார்.

"கொண்டி வளைஞ்சிருக்கலாம் சார். அது இவரைப் பிடிச்சு இழுத்துச்சுன்னு சொல்றாங்க. இழுத்திருந்தா இது கிழிஞ்சிருக்கணும். இவர் வீட்லேர்ந்தே திருப்பிக் குடுத்த உடுப்பு, உள்ளே இவர் நம்பர் இருக்கு. நீளம் அதிகம்னு பதில் ஆளுக்குக்கூடக் குடுக்கல, பீரோவிலயே இருந்துச்சு. ஒரு கீறல் காட்டட்டும்."

விசாரணை அதிகாரி துணியைத் தடவிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார். பதினெட்டு வருடம் ஜெயித்த பந்தயத்தில் இன்றைக்காவது அவள் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"கிழிசல் எதுவும் தெரியலையே" என்றார் அதிகாரி.

"தெரியாது சார்" என்றாள் மருமகள். கூப்பிடாமலே எழுந்துவிட்டாள். "தெரியக்கூடாதுன்னுதான் தைச்சேன்."

கம்பெனி வக்கீல் சிரித்தார். "இப்படி யார் வேணாலும் சொல்லலாமே."

நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்திவிட்டேன். "தைக்கச் சொன்னதே நான்தாங்க! என் மேல எழுதிக்குங்க!"

"பெரியம்மா, உட்காருங்க" என்றார் அதிகாரி.

"உட்கார்ந்துதான் சொல்றேன்."

வக்கீலம்மா என் தோளை அழுத்திவிட்டு அவளிடம் கேட்டார். "பிரிச்சுக் காட்ட முடியுமா?"

"முடியும். வலது கால், பைக்குக் கீழ. மேல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டை இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல மூணே மூணு இழை அறுபடாம இருந்துச்சு, அதைக் காப்பாத்தத்தான் பாடுபட்டேன். அங்கேர்ந்து நாலு விரல்கடை நேரா இறங்கி, அப்புறம் பின்பக்கமாத் திரும்பும். இழை எடுத்தது இடது கால் உள்மடிப்புல. அங்க விரல் விட்டுப் பாருங்க, மெலிசா இருக்கும்."

அதிகாரி எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். கம்பெனி வக்கீல் எழுந்தார். "சார், ஊசியைக் குடுத்தா இப்பவே கிழிச்சுடுவாங்க."

"நீங்க பக்கத்துல நின்னு பாருங்க. நானும் வர்றேன்." அதிகாரி மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

கைப்பை வாரில் எப்போதும் குத்தியிருக்கும் ஊசியை உருவினாள். குனிந்தாள். முதல் கால் மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. தைத்த இடம் அவளுக்கே பிடிபடவில்லை. ஊசி முனை துணிமேல் இங்கும் அங்குமாக அலைந்தது. கம்பெனி வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். என் மகன் மெதுவாகச் சொன்னான், "கொஞ்சம் மோசமாத் தைச்சிருக்கக் கூடாதா நீ?"

"சும்மா இருங்க" என்றாள். உதட்டில் வியர்வை.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு, இடது கைப் பெருவிரலால் தடவினாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. ஊசியை நுழைத்து ஒரு இழையைத் தூக்கினாள். அது வந்தது. பின்னாலேயே அடுத்தது. ஒவ்வொன்றையும் உருவி, வெள்ளைக் காகிதத்தில் வரிசையாக வைத்தாள். மின்விசிறியில் பறந்துவிடும் என்று அதிகாரியே எழுந்து போய் விசிறியை நிறுத்தினார்.

நாற்பது நிமிடம். துணி வாய் திறந்தது. மேலே இரண்டு ஓட்டை, நடுவில் மூன்று இழைப் பாலம், நான்கு விரல்கடை இறக்கம், பிறகு பின்பக்கமாக ஒரு திருப்பம். அதிகாரி கீழே குனிந்து எண்ணினார். இடது கால் உள்மடிப்பையும் வெளியே புரட்டிப் பார்த்தார்.

"இப்ப அந்தப் பொட்டலத்தைப் பிரிங்க" என்றார்.

மஞ்சள் பெயிண்ட் உரிந்த கொண்டி. நுனி இரண்டாகப் பிளந்து, பாம்பு நாக்கு மாதிரி இருந்தது. அதிகாரி அதை எடுத்து ஓட்டைகளின் மேல் வைத்தார். இரண்டு பல்லும் இரண்டு ஓட்டைக்குள் இறங்கின. நடுவில் அந்த மூன்று இழை.

கம்பெனி வக்கீல் தண்ணீர் குடித்தார். "கிழிசல் எப்போ வந்ததுன்னு எப்படிச் சொல்றது சார்?"

வக்கீலம்மா பிஸ்கட் டப்பாச் சீட்டை நீட்டினார். "விபத்து செவ்வாய்க்கிழமை. உங்க கம்பெனி வெள்ளிக்கிழமை கிழிசல் இல்லாம வாங்கியிருக்கு. அன்னையிலேர்ந்து உங்க பீரோவிலதான் இருந்துச்சுன்னு நீங்களே சொன்னீங்க. அப்போ தைச்சது அதுக்கு முன்னாடிதானே?"

எங்களைக் குழியில் தள்ளிய சீட்டேதான் கை கொடுத்தது. ஆனால் முதலுதவி நோட்டில் அவன் சொன்ன 'ஒண்ணுமில்ல'வும், டாக்டரிடம் போகாத இரண்டு நாளும் அப்படியே நின்றன. அவற்றுக்காகத் தொகையில் ஒரு பகுதியைக் குறைத்துத்தான் உத்தரவு வந்தது. இரண்டாவது அறுவைச் சிகிச்சைக்கு அது போதுமாக இருந்தது. கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது செய்தார்கள். இப்போது முட்டி மடங்குகிறது. பாரம் தூக்க முடியாது. ஒரு பள்ளிக்கூட வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறான்.

அன்றைக்கு எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது அதிகாரி கேட்டார். "இதை மறுபடியும் அதே மாதிரி தைக்க முடியுமாம்மா?"

"முடியும் சார்" என்றாள். "தைக்க மாட்டேன்."

போன வாரம் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். ஒருவர் முழங்கை கிழிந்த கோட்டோடு வந்து நின்றார். முன்பெல்லாம் வாங்கி வெளிச்சத்தில் பிடிப்பாள். இப்போது கையே நீட்டவில்லை.

"எப்படிக் கிழிஞ்சது?"

"பஸ் கதவுல மாட்டி விழுந்துட்டேன். ஒண்ணுமில்ல, லேசா வீக்கம். நாளைக்கு ஒரு விசேஷத்துக்குப் போகணும், தைச்சுக் குடுங்க."

"டாக்டர்கிட்டக் காட்டினீங்களா? பஸ் நம்பர் இருக்கா? இந்தக் கோட்டைப் படம் எடுத்தீங்களா?"

"என்னம்மா இது, தையல்கடையா போலீஸ் ஸ்டேஷனா?"

"கோட்டைத் தொவைக்காம அப்படியே ஒரு பையில போட்டு வைங்க. நோட்டுல யாராவது எழுதச் சொன்னா, வலிக்குதுன்னு எழுதுங்க."

அவர் திட்டிக்கொண்டே படியேறிப் போனார். ஒரு கூலி போயிற்று. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து அவள் முன்னால் தள்ளினேன்.