இடைத்தேர்தல் குழாய்கள்

புது பிளாஸ்டிக் குழாய் வெயிலில் காய்ந்தால் அதன் நெடி தொண்டைவரை ஏறும். சாஆ பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி, எங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்தின் முன் அப்படிக் குழாய்கள் வந்து குவிந்தது, எங்கள் சட்டமன்ற உறுப்பினர், மலாய் மரியாதைப் பட்டப்படி எல்லாருக்கும் 'ஒய்பி', மாரடைப்பில் செத்துப் போன சில வாரங்களில். உயிரோடு இருந்தவரை ஒரு வாளித் தண்ணீர் தராதவர். செத்ததும் இடைத்தேர்தல் வந்தது, கொடி வந்தது, கோழி பிரியாணி வந்தது, குழாயும் வந்தது.

எனக்கு எட்டு வயது. நிறைமாத வயிற்றோடு அம்மா 'காண்டா' கம்பின் இரு முனையிலும் வாளி தொங்க, கிணற்றிலிருந்து மேடேறி வருவாள், நின்று மூச்சு வாங்குவாள், மறுபடி ஏறுவாள்.

மறுநாளே தோண்டலாம் என்று வெள்ளைச் சட்டை போட்ட கட்சிக்காரர் சொன்னார். கோயில் தலைவரான என் அப்பாதான் தடுத்தார்.

"ஆடியில நல்ல காரியத்துக்கு மண்ணு வெட்டக்கூடாது. ஆவணி பொறக்கட்டும்."

"போலே லா, செய்யலாம் தலைவரே, உங்க வசதி!" கட்சிக்காரருக்கு வாயெல்லாம் பல்.

"வெளிக்கிப் போறதுக்கும் ஆவணி வரைக்கும் அடக்கிக்குவீங்களா?" என்றாள் அம்மா. லயத்துப் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அப்பா குழாய்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டார்.

ஆடி முடியுமுன்னே ஓட்டுப் போடும் நாள் வந்தது. வரிசையில் முதல் ஆள் அப்பா. இரண்டாம் நாள் லாரி வந்தது.

"நான் என்னா செய்றது பெரியவரே, வேற எடத்துக்கு ஏத்தச் சொல்றாங்க," என்றார் டிரைவர். அவர் ஒற்றை ஆள் என்பதால், அப்பாவே மாலையைக் கழற்றிவிட்டு ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தார். இன்றும் குமட்டுவது லாரியை நினைத்தல்ல, அந்த மரியாதையை நினைத்துத்தான்.

வலி எடுத்த அன்று காலையும் அம்மா தண்ணீர் தூக்கினாள். நான் கோயிலுக்கு ஓடிப்போய்ச் சூடம் கொளுத்தி, புது ஒய்பியும் சீக்கிரம் சாகட்டும் என்று கண்ணை இறுக்கி மூடி வேண்டிக்கொண்டேன். எட்டு வயதில் எனக்குத் தெரிந்த அரசியல் அது.

லயம் இப்போது இல்லை, கோயில் இல்லை, கிணற்றையும் மூடிச் செம்பனை நட்டுவிட்டார்கள். நான் யோங் பெங் பட்டணத்தில் இருக்கிறேன். போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் வேலியோரம் வந்து கூப்பிட்டாள்.

"அக்கா, கேட்டீங்களா? நம்ம ஒய்பி போயிட்டாராம்."

"அப்ப நம்ம ரோட்டுக்குத் தார் போட்டுருவாங்க," என்றேன்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஐயோ பாவம் என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.