நேரலையில் என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் அச்சகத்தில் காலை ஷிப்டு முடித்துவிட்டு வந்து இணைய வானொலி நடத்துகிறார். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை மாடி அறைக் கதவு சாத்தியிருக்கும்.

"நேரலைல பேசிக்கிட்டிருப்பேன், தட்டாதே" என்பார்.

அந்த நேரத்தில் என் தம்பி வந்தாலும் சரி, காஸ் சிலிண்டர் வந்தாலும் சரி, நான்தான் ஓட வேண்டும். எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். இரண்டு மணி நேரம் பேசிவிட்டு வருகிறவர் கன்னத்தில் தலையணைத் தையலின் தடம் ஏன்? ஒருநாள் வேண்டுமென்றே மாடிப்படியில் பெரிய பாத்திரத்தை உருட்டிவிட்டேன். என் கைப்பேசியில் ஓடிக்கொண்டிருந்த அவர் வானொலியில் அந்தச் சத்தம் துளியும் கேட்கவில்லை.

"அவ்வளவு நல்ல மைக்" என்று சாதித்தார்.

நேற்று மூன்று மணிக்குக் கரண்ட் போய்விட்டது. கரண்ட் இல்லாமல் மைக் ஏது, கம்ப்யூட்டர் ஏது? ஆனால் என் கைப்பேசியில் அவர் குரல் கணீரென்று வந்தது. "உங்களோடதான் இருக்கேன் நேயர்களே, எங்கேயும் போகல."

மாடியேறிக் கதவைத் திறந்தேன். மனுஷர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

எழுப்பி உட்காரவைத்துக் கேட்டேன். எங்கோ தூர தேசத்தில் எந்நேரமும் ஓடும் ஒரு சர்வர் கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்திருக்கிறாராம். பேச்சை முன்கூட்டியே பதிவு செய்து ஏற்றிவிட்டால், அதிலுள்ள மென்பொருளே நேரம் பார்த்துப் பாட்டும் பேச்சும் போட்டுவிடுமாம்.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வருஷமா."

இன்று சாப்பிட உட்கார்ந்தவர், "சாப்பாடு ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

தட்டில் நான் இன்னும் எதையும் வைக்கவில்லை.