கலப்படம் இல்லாத மெட்டு

ஆனையூர்ப் பெருமக்களே! படிப்பகக் கரும்பலகையில் இருந்த உலகச் செய்திகளை அழித்துவிட்டு இதை எழுதுகிறேன். உலகம் நாளைக்கும் இருக்கும்.

நம் மார்கழி பஜனைக் குழுவைப் பதிவு செய்ய, பாட்டு ஆராய்ச்சி செய்யும் இளைஞர் ஒருவர் இன்று யானைக்குட்டி அளவு டேப் ரிக்கார்டருடன் வந்தார். நாங்கள் பாடியதும் வறண்ட வைகையில் வெள்ளம் புரண்டது. அவரோ பாதியில் நிறுத்தினார்.

“இது சினிமா மெட்டு சார், கலப்படம். பரம்பரை மெட்டுல பாடினாத்தான் ஆராய்ச்சியில சேர்ப்பேன்.”

“சேக்காட்டிப் போங்க. சாமி இதைத்தான் கேக்குது,” என்றேன்.

“மாமா, நம்ம பேரு புஸ்தகத்துல வரணும்ல!” என்று கஞ்சிரா வாசிக்கும் மாப்பிள்ளை கெஞ்சினான்.

குழுவில் மூத்தவரான சோலையண்ணன் கண்ணை மூடி ஒரு பழைய மெட்டில் பாடினார். ஆராய்ச்சியாளர் கண்கலங்கிப் பதிவு செய்தார்.

“இது எத்தனை தலைமுறை மெட்டுங்க ஐயா?”

“எனக்கு மீசை மொளைச்சப்ப டூரிங் டாக்கீஸ்ல கேட்ட பாட்டு தம்பி.”

அழிப்பதற்காகப் பொத்தானுக்குப் போன ஆராய்ச்சியாளரின் விரல் அந்தரத்தில் நின்றது.

“ரெண்டையும் எடுங்க, இல்ல ரெண்டையும் விடுங்க,” என்றேன்.

“அந்த முதல் பாட்டை இன்னொரு தடவை பாடுங்க சார்,” என்றார் அவர்.

நாளை விடியலிலும் சினிமா மெட்டுதான். மறுப்பவர்கள் கீழே தாராளமாக எழுதலாம். சுண்ணக்கட்டியை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்.