அரை நிமிசத் தொலைபேசி

போன் நன்றாக வேலை செய்யும் வரைக்கும் போன்காரன் என்று ஒருத்தன் இருப்பதே யாருக்கும் தெரியாது. யாரும் பொறுப்பேற்காத கணினியைக் கட்டி மேய்க்கிற என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரே காம்பரா

இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆபீசு, ஸ்டோர் என்கிற தேயிலை ஆலை, ஆஸ்பத்திரி, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவம் எல்லாவற்றுக்கும் போன் இணைப்புக் கொடுப்பது ஒரு மென்பொருள். அதற்குத் தனிக் கணினி கிடையாது. கொழும்பில் கழித்துவிட்ட பழைய சர்வர் ஒன்றுக்குள், நிஜத்தில் இல்லாத நாலு கணினிகளை உண்டாக்கி, ஒன்றில் இதைக் குடிவைத்திருந்தார்கள். கொழுந்துக் கணக்கு, சம்பளக் கணக்கெல்லாம் பக்கத்துக் குடிகள். மலையில் வேலையை மேற்பார்க்கிற கண்டக்டர் ஐயாவுக்கு இது விளங்கவில்லை. "லயத்து வீட்டுல இருக்கிற ஒரே காம்பராவைச் சாக்குக் கட்டி நாலு குடும்பத்துக்குப் பிரிச்ச மாதிரிங்க. கொழுந்துக் கணக்கு இருமினா போனுக்குத் தூக்கம் போயிரும்" என்றேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப அதுக்கும் கூரை ஒழுகும்னு சொல்லுங்க."

பெட்டிக்குள் வெள்ளைக்காரன்

எந்த அழைப்பும் அரை நிமிசத்தில் அறுந்தது. மென்பொருள் விற்ற கம்பெனிக்கு அதே போனில் புகார் சொல்லக் கூப்பிட்டேன். முறைப்பாட்டைத் தொடங்குமுன் அறுந்தது. டவர் கிடைக்கிற மேட்டுக்கு ஏறிக் கைபேசியில் அவர்களைப் பிடித்தேன். இறங்கி வந்து, செத்துப்போன வெள்ளைக்காரத் தொரை ஒருத்தர் பெட்டிக்குள் உட்கார்ந்து, வேலை நேரத்தில் பேசுகிறவர்களைக் கத்தரிக்கிறார் என்று ஸ்டோரில் கதை கட்டிவிட்டேன். நம்பி ஊதுபத்தி கொளுத்தினார்கள். புகை தாங்காமல் சர்வர் படுத்தேவிட்டது. ஆனாலும் மேட்டிலிருந்து பிடித்தபோது கம்பெனியின் கொழும்புத் தம்பி சொன்ன பதிலைவிட என் கதை மேல். அவர் சொன்னது: "அங்கிள், நாங்க ஒத்துக்கொண்ட மெஷின்ல நீங்க ஓட்டல்ல. என்ன நடந்தாலும் எங்கள கேக்க வேணாம்."

மூன்று மகன்கள்

சாப்பிட்டீங்களா என்று கேட்காமல் பேச்சைத் தொடங்காத சனம், சேதியை முதலிலும் பேரைப் பிறகும் சொல்லப் பழகியது. ஒரு நாள் தலவாக்கலையிலிருந்து ஒரு குரல்: "அம்மா போயிட்டாங்க, நாளைக்கு எடுக்கிறோம்." அறுந்தது. யாருடைய அம்மா? தலவாக்கலையில் தாய் இருக்கிற எங்கள் தோட்டத்து மூன்று பேரும் அழுதுகொண்டே பஸ் ஏறினார்கள். திரும்பி வந்த இருவரில் ஒருத்தன் சொன்னான்: "எங்கம்மாதான் கதவத் தொறந்தாங்க. சிரிச்சிட்டேன் பெரியவரே. அந்த நேரத்துல எவன் வீட்டுல அழுதாங்களோ."

பாக்கியம்

பாக்கியம் கொழுந்தெடுப்பவள். மகள் செல்வி குவைத்தில் வீட்டு வேலை. இவர்கள் லயம் இருக்கிற பள்ளத்தில் கைபேசிக்கு டவர் இல்லை. மேட்டுக்கு ஏற பாக்கியத்தின் முழங்கால் விடாது. ஞாயிறுதோறும் மகள் பிள்ளை மடுவத்துப் போனுக்கு அழைப்பாள். "நல்லா இருக்கேம்மா, நீங்க?" அவ்வளவுதான். வருசக்கணக்காக அவ்வளவுதான். ஒரு தடவையாவது முழுசாகப் பேசணும் என்று பாக்கியம் என்னிடம் கெஞ்சினாள். நான் இப்போது உயிரோடிருக்கிற தோட்டத் தொரையை நச்சரித்து, கொழுந்துக் கணக்கை வேறு கணினிக்குக் குடிபெயர்த்தேன். இடம் கிடைத்ததும் போன் அறுவது நின்றது.

அந்த ஞாயிறு நானும் பக்கத்தில் பெருமையாக நின்றேன். அரை நிமிசம் தாண்டியது. நல்லா இருக்கேன் என்பதற்குமேல் செல்வியிடம் வேறு பொய் இல்லை. அழுகை வந்தது. பிறகு அடி, பூட்டிய அறை, பிடுங்கி வைத்த பாஸ்போர்ட் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. பேசி முடித்த பாக்கியம் ரிசீவரை வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "அண்ணே, பழையபடியே ஆக்கிடுங்க. அரை நிமிசத்துல எம்புள்ள நல்லா இருந்தா."

இப்போது எங்கள் போன் அறுவதே இல்லை; செல்வியைக் குவைத்துக்கு அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரன்தான் எங்கள் அழைப்பை எடுப்பதில்லை.